ரால்ஃப் ஸ்டான்லி: வயது ஏற ஏறப் பழைய பாட்டுக்குப் போனவர்

கேள்வி: ஒரு ஹாலிவுட் படத்தில் வாத்தியமே இல்லாமல், மரணத்தோடு மன்றாடுவது போன்ற ஒரு பாட்டைக் கேட்டேன். பாடியவர் ரால்ஃப் ஸ்டான்லி என்று போட்டிருந்தது. இவரை புளூகிராஸ் பாடகர் என்கிறார்கள். ஆனால் புளூகிராஸ் என்று தேடினால் படுவேகமான பாஞ்சோ வாசிப்புதான் வருகிறது. இரண்டும் எப்படி ஒரே ஆளுடையதாக இருக்க முடியும்? இவரை எங்கிருந்து கேட்க ஆரம்பிக்கலாம்?

பதில்:

நீங்கள் கேட்டது ‘ஓ டெத்’. 2000-ல் வந்த ‘ஓ பிரதர், வேர் ஆர்ட் தவ்?’ படத்துக்காகப் பாடியது. படத்தில் வேறு ஒருவர் வாயசைப்பார், குரல் மட்டும் ரால்ஃப் ஸ்டான்லியுடையது. அதைப் பாடும்போது அவருக்கு எழுபது வயதைத் தாண்டிவிட்டது. மேடை ஏறி அரை நூற்றாண்டுக்கு மேல் ஆகியிருந்தது. உலகத்தில் பாதிப் பேருக்கு அவர் அறிமுகமானதே இந்தப் பாட்டில்தான். அதனால்தான் உங்களுக்கு வந்த குழப்பம் பலருக்கும் வருகிறது. வேகமான பாஞ்சோவும் அவர்தான், வாத்தியமில்லாத அந்தக் குரலும் அவர்தான். நடுவில் ஐம்பது வருட வாழ்க்கை இருக்கிறது.

அந்த வாழ்க்கையைப் பற்றி நான் சொல்ல நினைப்பது ஒன்றுதான். பாடகர்கள் சிறு வயதில் பழையதைக் கற்றுக்கொண்டு, போகப் போகப் புதியதைத் தேடிப் போவார்கள். ஸ்டான்லி இருபது வயதில் அன்றைக்கு ரேடியோவில் இருந்ததிலேயே ஆகப் புதிய இசையை வாசித்தார். நாற்பதைத் தாண்டியதும் தன் ஊர்ச் சபையில் கேட்டு வளர்ந்த பாட்டை மேடைக்குக் கொண்டுவந்தார். எழுபதில் பாஞ்சோவையும் கீழே வைத்துவிட்டு வெறும் குரலோடு நின்றார். ஒவ்வொரு கட்டத்திலும் ஏதாவது ஒன்றைக் கழித்துக்கொண்டே போனவர்.

வர்ஜீனியா மாநிலத்தின் தென்மேற்கு மூலையில் டிக்கன்சன் கவுன்டி இருக்கிறது. அப்பலாச்சிய மலைப் பகுதி, நிலக்கரிச் சுரங்கமும் மரம் வெட்டும் தொழிலுமாக வாழ்ந்த ஊர்கள். அங்கே ஸ்ட்ராட்டன் என்ற ஊருக்குப் பக்கத்தில் 1927 பிப்ரவரி 25 அன்று பிறந்தார். வளர்ந்தது மெக்ளூருக்கு அருகில் ஸ்மித் ரிட்ஜ் என்ற மலைமேட்டில். அப்பா லீ ஸ்டான்லி மரம் அறுக்கும் மில் நடத்தியவர். அவர் எந்த வாத்தியமும் வாசிக்க மாட்டார், ஆனால் பழைய பாட்டுகளை நன்றாகப் பாடுவார். அம்மா லூசி பாஞ்சோ வாசிப்பார். ஒன்றரை வயது மூத்த அண்ணன் கார்ட்டர்.

அதே 1927 கோடையில், அங்கிருந்து அதிக தூரமில்லாத பிரிஸ்டல் நகரத்துக்கு விக்டர் ரெக்கார்டு கம்பெனி ஆட்கள் கருவிகளோடு வந்து இறங்கி, மலைக்காரர்களைப் பாடவைத்துப் பதிவு செய்தார்கள். கார்ட்டர் குடும்பம், ஜிம்மி ராட்ஜர்ஸ் இரண்டு பேருமே அந்தப் பதிவில்தான் வெளியே வந்தார்கள். கன்ட்ரி இசைத் தொழில் அங்கேதான் பிறந்தது என்று சொல்வார்கள். ஸ்டான்லியும் அந்த இசைத் தொழிலும் ஒரே வருடத்தில் பிறந்தவர்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

பாஞ்சோ அவர் கைக்கு வந்த கதையை அவரே பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். பதினைந்து, பதினாறு வயது இருக்கும். அம்மா கேட்டிருக்கிறார்: உனக்குப் பன்றி வேண்டுமா, பாஞ்சோ வேண்டுமா? இரண்டும் ஐந்து டாலர். ஏதாவது ஒன்றுக்குத்தான் வீட்டில் வசதி. பாஞ்சோ அத்தை வீட்டுப் பழையது. ஸ்டான்லி குடும்பம் ஒரு சின்ன மளிகைக் கடை வைத்திருந்ததால், அத்தை அந்த ஐந்து டாலரைக் காசாக வாங்காமல் சாமானாகக் கழித்துக்கொண்டார். கால்நடை மருத்துவம் படிக்கலாமா என்றுகூட யோசித்துக்கொண்டிருந்த பையன் பன்றியை விட்டுவிட்டுப் பாஞ்சோவை எடுத்தான்.

அம்மா சொல்லிக்கொடுத்த வாசிப்புக்கு கிளாஹேமர் என்று பெயர். இதைக் கொஞ்சம் விளக்கியாக வேண்டும், பின்னால் தேவைப்படும். பாஞ்சோவில் ஐந்து கம்பிகள். நான்கு கம்பிகள் முழு நீளம். ஐந்தாவது மட்டும் கழுத்தின் நடுவிலிருந்து தொடங்கும் குட்டைக் கம்பி, அதனால் உச்சத்தில் ஒலிக்கும். கட்டைவிரலுக்குப் பக்கத்தில் இருக்கும் அந்தக் கம்பியை இடது கை பெரும்பாலும் தொடுவதே இல்லை; ஒரே ஸ்வரம் சுருதி போல ஒலித்துக்கொண்டே இருக்கும். கிளாஹேமரில் வலது கையை லேசாக மடக்கி வைத்துக்கொண்டு, விரல் நகத்தின் மேற்புறத்தால் கம்பியைக் கீழ்நோக்கித் தட்ட வேண்டும். கை மேலே எழும்போது கட்டைவிரல் அந்தக் குட்டைக் கம்பியை இழுத்துவிடும். விரல் கம்பியை மேல்நோக்கி மீட்டுவதே கிடையாது. தட்டு, இழு, தட்டு, இழு என்று போகும். கேட்பதற்கு மெட்டும் தாளமும் ஒரே கையிலிருந்து வருவது போல இருக்கும். ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கொண்டுவரப்பட்டவர்களோடு வந்த வாத்தியம் இது, இந்த வாசிப்பு முறைக்கும் அங்கேதான் வேர்.

அம்மாவிடமிருந்து பாஞ்சோ வந்தது போல, குரல் சபையிலிருந்து வந்தது. அந்த மலைப் பகுதியில் பிரிமிட்டிவ் பாப்டிஸ்ட் என்ற கிறிஸ்தவப் பிரிவு உண்டு. அவர்கள் ஆராதனையில் வாத்தியத்தைச் சேர்க்க மாட்டார்கள். புதிய ஏற்பாட்டில் வாத்தியம் சொல்லப்படவில்லை, ஆகவே வேண்டாம் என்பது அவர்கள் நிலை. ஆர்கன் கிடையாது, பியானோ கிடையாது. ஊழியம் செய்பவரை மூப்பர் என்பார்கள். அவர் பாட்டின் ஒரு வரியை ஏறக்குறைய பேசுவது போல வேகமாகச் சொல்வார். உடனே சபையார் அனைவரும் அந்த வரியை மிக மெதுவாக இழுத்துப் பாடுவார்கள். ஒவ்வொருவரும் ஒரே மெட்டைத்தான் பாடுகிறார்கள், ஆனால் ஸ்வரத்துக்குப் போகும் வழி ஆளுக்கு ஆள் வேறு. ஒருவர் சறுக்கி இறங்குவார், ஒருவர் ஒரு சுழிப்பு வைப்பார், இன்னொருவர் நேராகப் போய் நிற்பார். எல்லாம் சேர்ந்து ஒரு பெரிய அலையாகக் கேட்கும். பாட்டுப் புத்தகம் இல்லாமலும், படிக்கத் தெரியாமலும் இருந்த காலத்தில் பிரிட்டனில் தொடங்கி அமெரிக்காவுக்கு வந்த பழக்கம் இது. மற்ற ஊர்களில் பாட்டுப் புத்தகமும் ஆர்கனும் வந்து இதை அழித்துவிட, மலைக்குள் மட்டும் தங்கிவிட்டது. ‘ஓ டெத்’தில் நீங்கள் கேட்ட இழுப்பும் சறுக்கலும் இங்கிருந்து வந்தவை. சிறு வயதில் காதில் விழுந்தது, மேடைக்கு வர நாற்பது வருடம் ஆகப்போகிறது.

1945 மே மாதம் பள்ளிப் படிப்பை முடித்து, அதே மாதம் ராணுவத்தில் சேர்க்கப்பட்டார். போர் முடிந்த ஜெர்மனியில் பணி. 1946 அக்டோபரில் ஊர் திரும்பினார். கார்ட்டர் ஏற்கனவே நார்ட்டன் ரேடியோ நிலையத்தில் ஒரு குழுவோடு பாடிக்கொண்டிருந்தார். தம்பி பஸ்ஸிலிருந்து இறங்கி, வீட்டுக்குப் போகும் முன்பே அந்த நிலையத்தில் அண்ணனோடு சேர்ந்து பாடிவிட்டுத்தான் போனாராம். சில வாரங்களில் இருவரும் சேர்ந்து ‘ஸ்டான்லி பிரதர்ஸ் அண்ட் த கிளின்ச் மவுன்டன் பாய்ஸ்’ குழுவை ஆரம்பித்தார்கள். அந்த டிசம்பரில் பிரிஸ்டலில் டபிள்யூசிஒய்பி என்ற புதிய ரேடியோ நிலையம் தொடங்கியது. அதன் மத்தியான நிகழ்ச்சியான ‘ஃபார்ம் அண்ட் ஃபன் டைம்’ இவர்களை அந்த வட்டாரம் முழுக்கக் கொண்டுபோய்ச் சேர்த்தது. ரேடியோவில் பாட்டுப் புத்தகம் விற்பார்கள், ராத்திரி எந்தப் பள்ளிக்கூடத்தில் கச்சேரி என்று அறிவிப்பார்கள், நிகழ்ச்சி முடிந்ததும் காரில் கிளம்பிவிடுவார்கள். வருமானம் அதில்தான்.

இப்போது புளூகிராஸ். பழங்கால மலை இசை அப்படியே வந்ததுதான் புளூகிராஸ் என்று பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. கென்டக்கியைச் சேர்ந்த மாண்டலின் கலைஞர் பில் மன்றோவின் குழுவுக்கு ‘புளூ கிராஸ் பாய்ஸ்’ என்று பெயர். 1945 கடைசியில் அதில் எர்ல் ஸ்க்ரக்ஸ் என்ற இளைஞர் சேர்ந்தார். கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றிலும் பிக் (கம்பியை மீட்டும் செயற்கை நகம்) மாட்டிக்கொண்டு, சரம் சரமாக ஸ்வரங்கள் கொட்டுகிற பாஞ்சோ வாசிப்பைக் கொண்டுவந்தார். அந்த வாசிப்பும் மன்றோவின் உச்சஸ்தாயிக் குரலும் வேகமும் சேர்ந்தபோதுதான் இன்று நாம் புளூகிராஸ் என்கிற வடிவம் வந்தது. ரேடியோவுக்காகவும் மேடைக்காகவும் தொழில் கலைஞர்கள் உருவாக்கிய இசை அது. ஸ்டான்லி சகோதரர்கள் தொடங்கிய வருடத்தில் அதற்கு ஒரு வயதுகூட ஆகவில்லை.

ரால்ஃப் முதலில் அம்மாவின் கிளாஹேமரும் இரண்டு விரல் வாசிப்புமாகத்தான் ரேடியோவில் வாசித்தார். பிறகு சீக்கிரமே மூன்று விரலுக்கு மாறினார். அவருடைய வாசிப்பு ஸ்க்ரக்ஸ் வாசிப்பு மாதிரி வழுக்கிக்கொண்டு போகாது. ஆள்காட்டி விரல் முன்னால் ஓடும், சத்தம் கூர்மையாக, கொஞ்சம் கரடுமுரடாக இருக்கும். பில் மன்றோ மேடையில் பாடிவந்த ஒரு குதிரைப் பந்தயப் பாட்டை ஸ்டான்லி குழு அப்படியே எடுத்து, மாண்டலின் கலைஞர் பீ வீ லாம்பர்ட்டைப் பாடவைத்து, 1948-ல் டென்னசியின் ரிச்-ஆர்-டோன் என்ற சின்னக் கம்பெனியில் ரெக்கார்டாக வெளியிட்டுவிட்டது. மன்றோ அதை முன்பே பதிவு செய்திருந்தார், ஆனால் அவருடைய ரெக்கார்டு வெளிவருவதற்குள் இது வந்துவிட்டது. இசை வரலாறு எழுதுகிறவர்கள் இதை முக்கியமாகச் சொல்வார்கள். ஒரு குழுவின் பாணியாக இருந்ததை இன்னொரு குழு எடுத்து வாசித்த கணத்தில்தான் அது ஒரு இசை வகையாக மாறத் தொடங்கியது. மன்றோவுக்கு அப்படித் தோன்றவில்லை. 1949-ல் கொலம்பியா கம்பெனி ஸ்டான்லி சகோதரர்களை எடுத்துக்கொண்டபோது, அங்கே இருந்த மன்றோ விலகி டெக்கா என்ற வேறு கம்பெனிக்குப் போய்விட்டார். பிறகு கோபம் தணிந்து, 1951-ல் கார்ட்டர் கொஞ்ச காலம் மன்றோ குழுவிலேயே பாடினார்.

1949 முதல் 1952 வரை கொலம்பியாவில் அவர்கள் பதிவு செய்த பாட்டுகளுக்கு இணையாக அந்த இசையில் வேறொன்று இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. மூன்று குரல் அடுக்கைத்தான் சொல்கிறேன். கார்ட்டர் மெட்டைப் பாடுவார். கனிவான, ஈரமான குரல், பேசுவது போலவே இருக்கும். அதற்கு மேலே ரால்ஃப். வழக்கமாக மூன்றாவது குரல் மெட்டுக்குக் கீழே உட்காரும். இவர்களோ அதைத் தூக்கி ரால்ஃபுக்கும் மேலே வைத்தார்கள். பீ வீ லாம்பர்ட் அந்த உச்சத்தில் பாடுவார். ‘த வைட் டவ்’, ‘த லோன்சம் ரிவர்’ இரண்டையும் கேட்டால் தெரியும். கீழே தரையே இல்லாதது போல மூன்று குரலும் மேலே தொங்கும். பாட்டின் பொருளும் அதற்குப் பொருத்தம்: பெற்றோர் இறந்துபோனது, பிரிந்தவளை நினைத்துத் தனியாக நிற்பது.

‘மேன் ஆஃப் கான்ஸ்டன்ட் சாரோ’ 1950 நவம்பரில் பதிவானது. அதில் ரால்ஃப்தான் முதல் குரல். அப்பா லீ வீட்டில் பாடிய பாட்டு. கென்டக்கியின் டிக் பர்னெட் என்ற பார்வையற்ற இசைக்கலைஞர் 1913 வாக்கிலேயே அச்சில் போட்டது. நீங்கள் பார்த்த படத்தில் கதாநாயகர்கள் ரேடியோ நிலையத்தில் பாடுவது இதுதான். அங்கே கேட்கும் குரல் டேன் டிமின்ஸ்கியுடையது. பாட்டு உலகத்துக்குப் போனதற்கு அடிப்படை ஸ்டான்லி பதிவு.

1950களின் நடுவில் எல்விஸ் பிரெஸ்லியும் ராக் அண்ட் ரோலும் வந்ததும் இந்த மாதிரிக் குழுக்களின் பிழைப்பு கெட்டது. பள்ளிக்கூடக் கச்சேரிகளுக்கு ஆள் வரவில்லை. 1958-ல் சகோதரர்கள் புளோரிடாவின் லைவ் ஓக்குக்குக் குடிபோனார்கள். வீடு கட்டும் கம்பெனி ஒன்றின் விளம்பர ஆதரவில் ரேடியோ, டிவி நிகழ்ச்சிகள் நடத்தினார்கள். சின்சினாட்டியின் கிங் கம்பெனிக்குப் பாடினார்கள். ஜேம்ஸ் பிரவுன் பதிவு செய்த அதே கம்பெனி. முதலாளி சிட் நேதன் மாண்டலின், ஃபிடிலைக் குறைத்துவிட்டு கிடாரை முன்னால் வை என்றார், ரிதம் அண்ட் புளூஸ் பாட்டைக்கூட பாடவைத்தார். கிங் பாட்டுகளில் பலவற்றை என்னால் ஆசையாகக் கேட்க முடிவதில்லை. ஆனால் அந்த நெருக்கடியில் ஒரு நல்லதும் வந்தது: ஜார்ஜ் ஷஃப்லர். ஒரே ஒரு பிக்கை வைத்துக்கொண்டு மூன்று கம்பிகளில் கீழே, கீழே, மேலே என்று உருட்டி, பாஞ்சோ ஓட்டத்தை கிடாரில் கொண்டுவந்தவர். பிற்கால ஸ்டான்லி பாட்டுகளின் தனி அடையாளம் அது.

அதே காலத்தில், 1960-ல், ‘ரேங்க் ஸ்ட்ரேஞ்சர்’ வந்தது. நீண்ட நாள் கழித்து ஊர் திரும்புகிறவன், தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லாமல், சந்திக்கிற எல்லோரும் அந்நியர்களாக இருப்பதைப் பார்க்கிறான். சரணத்தைக் கார்ட்டர் தனியாக, அமைதியாகச் சொல்லிக்கொண்டு வருவார். பல்லவி வந்ததும் ரால்ஃப் மேலிருந்து உள்ளே நுழைவார். அவர் வரும் அந்த இடத்தை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டுப் பாருங்கள். அண்ணன் செய்தியைச் சொல்கிறவர், தம்பி அழுகிறவர். இருபது வருடம் இருவரும் இப்படித்தான் பங்கு பிரித்துக்கொண்டார்கள். மேடையில் பேசுவது, சிரிக்கவைப்பது, பாட்டு எழுதுவது எல்லாம் பெரும்பாலும் கார்ட்டர். ரால்ஃப் கூச்ச சுபாவம், மைக் முன்னால் பேசவே மாட்டார்.

கார்ட்டரைக் குடி தின்றது. 1966 அக்டோபரில் கடைசிக் கச்சேரி. டிசம்பர் 1 அன்று கல்லீரல் நோயால் இறந்தார். வயது 41.

ரால்ஃப் விட்டுவிடலாமா என்று யோசித்தார். நாற்பதை நெருங்கும் வயது, இரண்டாம் குரலாகவே பழகியவர், பேசத் தெரியாதவர். ரசிகர்களிடமிருந்து கடிதங்கள் குவிந்தன, தொடர்ந்து பாடுங்கள் என்று. தொடர்ந்தார். ஆனால் அண்ணன் இடத்தில் தான் போய் நிற்கவில்லை. கார்ட்டரைப் போன்ற குரல் உள்ளவர்களைத் தேடிப்பிடித்து முதல் குரலில் நிறுத்தி, தான் மேலே பாடினார். முதலில் லாரி ஸ்பார்க்ஸ், பிறகு ராய் லீ சென்டர்ஸ். சென்டர்ஸ் பாடினால் கண்ணை மூடிக்கொண்டு கார்ட்டர் என்று சொல்லலாம். ஃபிடிலுக்கு கர்லி ரே கிளைன், பேஸுக்கு ஜாக் குக். இருவரும் பல பத்தாண்டுகள் கூடவே இருந்தார்கள்.

1970 வாக்கில் மேற்கு வர்ஜீனியாவின் ஃபோர்ட் கே என்ற சின்ன ஊரில் ஒரு கச்சேரி. வழியில் டயர் பஞ்சராகி ஸ்டான்லி தாமதமாகப் போய்ச் சேர்ந்தார். உள்ளே ஸ்டான்லி பிரதர்ஸ் பாட்டு கேட்டது. யாரோ ரெக்கார்டு போட்டிருக்கிறார்கள் என்று நினைத்தார். போய்ப் பார்த்தால் இரண்டு பையன்கள் மேடையில் நின்று பாடிக்கொண்டிருக்கிறார்கள். கென்டக்கியைச் சேர்ந்த ரிக்கி ஸ்கேக்ஸ், கீத் விட்லி, பதினாறு வயதை ஒட்டியவர்கள். இருவரையும் குழுவில் சேர்த்துக்கொண்டார். கன்ட்ரி இசையில் 1980களில் பழைய பாணி மறுபடி எழுந்ததில் இந்த இருவருக்கும் பெரிய பங்கு உண்டு. ஸ்கேக்ஸ் நட்சத்திரமானார். விட்லியும் ஆனார், ஆனால் 1989-ல் அவரையும் குடி கொண்டுபோய்விட்டது.

இந்தக் குழுவோடு 1971-ல் ‘க்ரை ஃப்ரம் த கிராஸ்’ என்ற பக்திப்பாட்டு ஆல்பம் வந்தது. அதில்தான் ஸ்டான்லி முதல் பெரிய கழித்தலைச் செய்தார். சில பாட்டுகளில் பாஞ்சோ, கிடார், ஃபிடில் எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, நான்கு குரல் மட்டும். புளூகிராஸ் மேடையில் அப்போது யாரும் இப்படிப் பாடிக்கொண்டிருக்கவில்லை. இது வாத்தியங்களின் இசை, ஒவ்வொருவரும் முன்னால் வந்து கைவரிசை காட்டுகிற இசை. ஸ்டான்லியோ மெக்ளூர்ச் சபையின் பாட்டை அப்படியே அங்கே வைத்தார். ஆறு, ஏழு வருடத்துக்குள் மற்ற குழுக்களும் இதை எடுத்துக்கொண்டன. இன்றைக்கு எந்த புளூகிராஸ் கச்சேரிக்குப் போனாலும் வாத்தியம் இல்லாத ஒரு நால்வர் பக்திப்பாட்டு இருக்கும். அது காலங்காலமாக இருந்துவருவது என்று நினைப்பீர்கள். அதை அங்கே பழக்கப்படுத்தியதில் முதல் பெயர் ஸ்டான்லியுடையது.

கன்ட்ரி இசைத் தொழிலின் மையமான நாஷ்வில் நகரம் அப்போது வயலின் கூட்டமும் பின்னணிக் குரல்களும் வைத்து கன்ட்ரியை வழுவழுப்பாக்கிக்கொண்டிருந்தது. புளூகிராஸ் இளைஞர்களோ ராக் பாட்டுகளையும் மின்சார பேஸையும் சேர்த்துக்கொண்டிருந்தார்கள். ஸ்டான்லி இரண்டு பக்கமும் திரும்பவில்லை. புளூகிராஸ் என்ற பெயரே அவருக்கு அவ்வளவு பிடிக்காது, என் இசை பழைய மலைப் பாட்டு என்பார். 1971-லேயே ஸ்மித் ரிட்ஜில் தன் நிலத்திலேயே அண்ணன் நினைவாக ஒரு இசைவிழாவைத் தொடங்கினார். ஒவ்வொரு மே மாதமும் ரசிகர்கள் அந்த மலைமேட்டுக்கு ஏறி வந்தார்கள். கார்ட்டர் புதைக்கப்பட்ட இடமும் அங்கேதான்.

1974 மே மாதம் ராய் லீ சென்டர்ஸ் கென்டக்கியில் சுட்டுக் கொல்லப்பட்டார். கார்ட்டர் போய் எட்டு வருடம்கூட ஆகவில்லை, அந்தக் குரலை இரண்டாம் முறை இழந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். பிறகு விட்லி, சார்லி சைஸ்மோர், கடைசியில் சொந்த மகன் ரால்ஃப் ஸ்டான்லி இரண்டாமவர் என்று முதல் குரல்கள் மாறிக்கொண்டே வந்தன. மேலே இருந்த குரல் மட்டும் மாறவில்லை.

பட்டங்கள் நிறைய. 1976-ல் டென்னசியின் லிங்கன் மெமோரியல் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் தந்தது. அதிலிருந்து ஊரே அவரை டாக்டர் ரால்ஃப் என்றுதான் கூப்பிட்டது. 1984-ல் தேசிய மரபுக்கலை விருது. 1998-ல் அவரோடு பாட பாப் டிலன், ஜார்ஜ் ஜோன்ஸ் போன்றவர்கள் வந்து ஒரு இரட்டை ஆல்பம் செய்தார்கள். 2000 ஜனவரியில் நாஷ்வில்லின் கிராண்ட் ஓல் ஆப்ரி, கன்ட்ரி இசையின் புகழ்பெற்ற ரேடியோ மேடை, அவரை உறுப்பினராக்கியது. அந்த மேடைக்கு அவர் தகுதியாகி நாற்பது வருடம் கழித்து.

இனி ‘ஓ டெத்’. படத்தின் இசைத் தயாரிப்பாளர் டி போன் பர்னெட். அவர் முதலில் கேட்டது பாஞ்சோவோடு, டாக் பாக்ஸ் பாணியில். டாக் பாக்ஸ் ரால்ஃபின் பக்கத்து ஊர்க்காரர், நார்ட்டன் பகுதி, நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளி, இருண்ட குரலில் பாஞ்சோ வாசித்துப் பாடியவர். ரால்ஃபுக்கு அது ஒத்துவரவில்லை. என் வழியில் பாடிக்காட்டுகிறேன், வாத்தியம் வேண்டாம் என்று பாட ஆரம்பித்தார். சில வரிகளிலேயே பர்னெட் நிறுத்தச் சொல்லிவிட்டார், இதுதான் வேண்டும் என்று.

அந்தப் பதிவைக் கவனித்துக் கேளுங்கள். குரலில் அதிர்வு கிடையாது, ஸ்வரம் நேராக நிற்கும். ஆனால் ஸ்வரத்துக்கு வரும் வழி நேரானது அல்ல. கீழேயிருந்து உரசிக்கொண்டு ஏறும், உச்சியில் ஒரு சின்ன முறிவு, பிறகு கீழே சறுக்கல். காந்தாரம் இருக்க வேண்டிய இடத்தில் பெரியதும் இல்லை சின்னதும் இல்லை, நடுவில் எங்கோ நிற்கும். கமகம் கேட்டுப் பழகிய காதுக்கு இது உடனே பிடிபடும் என்று நினைக்கிறேன். பியானோவின் கட்டைகளுக்குள் அடங்காத பாட்டு. வாத்தியம் இருந்தால் அது குரலைத் தன் ஸ்வரத்துக்கு இழுத்திருக்கும். வாத்தியத்தை அவர் மறுத்ததற்கு இசைக் காரணமும் உண்டு, அதனால்தான் அது அவ்வளவு சரியாக அமைந்தது. வயதும் உதவியது. 1950-ல் இருந்த குரலின் பளபளப்பு போய்விட்டிருந்தது. மரணத்திடம் இன்னும் ஒரு வருடம் கொடு என்று கெஞ்சுகிற பாட்டை இருபத்தைந்து வயதுக் குரலில் கேட்டால் நம்ப முடியாது.

அந்தப் படத்தின் இசை ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் 70 லட்சத்துக்கு மேல் விற்றது. 2002 பிப்ரவரி 27 கிராமி விழா. இரண்டு நாள் முன்னால்தான் ஸ்டான்லிக்கு 75 முடிந்திருந்தது. அந்த மேடையில் தனியாக நின்று ‘ஓ டெத்’ பாடினார். சிறந்த ஆண் கன்ட்ரி குரலுக்கான விருது அவருக்கு. தேசத்தின் பெரிய பாப் பாடகர்கள் உட்கார்ந்திருந்த அரங்கில், வாத்தியமில்லாத மலைச் சபைப் பாட்டு ஒலித்தது.

பிற்காலத்தில் விரல்கள் ஒத்துழைக்காததால் மூன்று விரல் வாசிப்பைக் குழுவில் இருந்த ஸ்டீவ் ஸ்பார்க்மனிடம் விட்டுவிட்டார். ஆனால் கச்சேரியில் ஒரு முறையாவது பாஞ்சோவை வாங்கி ஒரு கிளாஹேமர் வாசிப்பார். அம்மா சொல்லிக்கொடுத்தது என்று சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிப்பார். புதிதாகக் கற்ற வாசிப்பு கையை விட்டுப் போன பிறகும் முதலில் கற்றது நின்றது. கவுன்டித் தலைநகர் கிளின்ட்வுட்டில் 2004-ல் அவர் பெயரில் அருங்காட்சியகம் திறந்தார்கள். 2016 ஜூன் 23 அன்று தோல் புற்றுநோயால் காலமானார். 89 வயது. ஸ்மித் ரிட்ஜ் மேட்டிலேயே அடக்கம்.

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டீர்கள். காலவரிசைப்படி போக வேண்டாம். முதலில் ‘ரேங்க் ஸ்ட்ரேஞ்சர்’. பிடித்திருந்தால் கொலம்பியா காலத்துப் பாட்டுகள், ஒரே தொகுப்பாகவே கிடைக்கின்றன. ஒரே மூச்சில் கேட்காமல் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று என்று கேளுங்கள், துக்கம் அதிகம். பாஞ்சோ வேண்டுமென்றால் ‘கிளின்ச் மவுன்டன் பேக்ஸ்டெப்’. இரண்டாம் பகுதியில் தாளம் ஒரு எண்ணிக்கை கூடுதலாக நிற்கும், உங்கள் கால் தப்பும், அதுதான் அதன் அழகு. பிறகு ‘க்ரை ஃப்ரம் த கிராஸ்’ முழுவதும். கார்ட்டரே பெரிய பாடகர், ரால்ஃப் அவருக்கு அடுத்துதான் என்று வாதாடுகிற பழைய ரசிகர்கள் இன்றும் உண்டு. வெறும் முதல் குரல் என்று பார்த்தால் நானும் அந்தக் கட்சிதான். ஆனால் கார்ட்டர் இறந்தபின் ஐம்பது வருடம் அந்த இசையை எங்கே கொண்டுபோவது என்று முடிவு செய்தவர் ரால்ஃப். சபைப் பாட்டின் மூலத்தைக் கேட்க வேண்டுமென்றால், ஸ்மித்சோனியன் ஃபோக்வேஸ் 1997-ல் இதே முறையில் பாடும் இன்னொரு பிரிவான, கென்டக்கியின் ஓல்ட் ரெகுலர் பாப்டிஸ்ட் சபையாரின் பாட்டுகளைப் பதிவு செய்து வெளியிட்டது. நல்ல ஹெட்போனில், சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துக் கேளுங்கள். முதல் இரண்டு பாட்டு குழப்பமாக இருக்கும், மூன்றாவதில் தனித்தனிக் குரல்கள் பிரிந்து தெரிய ஆரம்பிக்கும்.